பழைய காரும் பழகிய கையும்

1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் டில்லியில் முதல் சாவி கைமாறிய மாருதி 800-இன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் நின்று போனது என்றாலும், மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட அதன் சிறிய இன்ஜின் இன்னமும் நம் கிராமத்து வீதிகளிலும் தாலுகா நகரங்களின் சந்தைகளிலும் குடும்பங்களைச் சுமந்துகொண்டு ஓடுவதைக் காண்கிறோம். அதற்குப் பின் வந்து, அதைவிடப் பன்மடங்கு விலைக்கு விற்ற எத்தனையோ வண்டிகள் இதற்குள் ஷெட்டுகளின் வேலியோரத்தில் சக்கரம் புதைந்து கிடக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு யந்திரத்தின் உயர்வு தாழ்வு மட்டும் காரணமாகாது. எந்த வண்டிக்கு எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கிறதோ, எந்த வண்டியின் கோளாறைச் சாலையோரத்து மெக்கானிக்கும் அதன் சொந்தக்காரரும் ஒருங்கே புரிந்துகொள்ள முடிகிறதோ, அந்த வண்டியே நீடித்து ஓடுகிறது. பழைய கார் ஒன்றைக் குறைந்த கிரயத்துக்கு வாங்கிக் குறைந்த செலவில் காப்பாற்ற நினைக்கும் நடுத்தரக் குடும்பத்தார், விலை பேசப் போவதற்கு முன் இந்த உண்மையை மனத்தில் பதித்துக்கொள்வது உத்தமம்.

மலிவாகக் கிடைக்கும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. வயதானதால் விலை குறைந்தவை ஒரு வகை. பழுது பார்க்கும் செலவுக்கு அஞ்சி எல்லோரும் ஒதுக்கிவிட்டதால் விலை குறைந்தவை மற்றொரு வகை. பத்து வருஷம் ஓடிய ஜெர்மானியச் சொகுசுக் கார் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கே கிடைக்கிறது என்று கேட்டு மயங்குகிறவர், அந்தக் காரின் உதிரிபாகங்களின் விலை அதனுடன் சேர்ந்து இறங்கி வரவில்லை என்பதை முதல் ரிப்பேரின்போதுதான் உணர்கிறார். செவர்லே கார்களின் விற்பனை 2017-ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் நின்றது. ஃபோர்டு நிறுவனத்தின் மறைமலைநகர்த் தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. இவ்விரு நிறுவனங்களின் கார்களில் பல உறுதியான, ஓட்டுவதற்கு மிக இனிமையான வண்டிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் தமக்கு முன்பின் தெரியாத ஒரு பாகத்துக்காக மூன்று நகரங்களுக்குப் போன் செய்யும் பொறுமை இல்லாதவர்கள் ஆல்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்ற, தெருவுக்குத் தெரு காணப்படும் வண்டிகளையே நாடுவது நலம். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் டீசல் வண்டி வாங்குவதிலும் லாபமில்லை; டர்போவும் இன்ஜெக்டரும் ஒருமுறை வேலை வைத்தால், பல வருஷ எரிபொருள் மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும். கையிலுள்ள பணம் முழுவதையும் கிரயமாகக் கொடுத்துவிடாமல் கால் பங்கையேனும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் பழைய வண்டி எதுவாயினும், வந்த சில மாதங்களுக்குள் பேட்டரியோ டயரோ பெல்ட்டோ கேட்காமல் இராது.

வண்டியைப் பார்க்கப் போவது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். மழையிலும் இரவு விளக்கிலும் எந்தப் பெயிண்டும் புதிதாகவே பளபளக்கும். விற்பவரிடம் முன்கூட்டியே, "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவைத்து, போனவுடன் முதல் காரியமாகப் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் ஏதோ ஒரு குறையை மறைப்பதற்காக வண்டி முன்பே ஓட்டிவைக்கப்பட்டிருக்கலாம். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். பாலாடை போன்ற வெண்மையான பசை அங்கே படிந்திருந்தால், ஹெட் காஸ்கெட் பழுதாகி, இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஆயிலோடு கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த வண்டியைப் பார்க்கப் போவதே அப்போது நல்லது. ஸ்டார்ட் செய்தபின் சைலன்சரிலிருந்து நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை பெட்ரோல் மிகுதியாக எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை மறுபடியும் ஹெட் காஸ்கெட்டையே சுட்டும்.

விபத்தில் அடிபட்டுப் பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்கப்பட்ட வண்டியைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவிலும் ஃபெண்டரிலும் மெதுவாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். இரும்புத் தகட்டில் விடாமல் பற்றிவரும் காந்தம், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். கதவின் ஓரத்தில் ஒரு கீறலை மறைக்கப் பூசிய பட்டி பெரிய குற்றமன்று. எந்த வண்டிதான் நம் தெருக்களில் கீறல் படாமல் தப்பியது? பானெட்டைத் திறந்தால் இருபுறமும் தெரியும் சேசிஸ் கால்களிலும், கதவுத் தூண்களிலும், டிக்கியின் அடித்தகட்டிலும் வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பு தெரிந்தால்தான், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லத் தயங்கக் கூடாது.

நம் மாநிலத்தில், அதிலும் சென்னையில் வாங்குகிறவர்கள், வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் மிகப் பல. அவற்றுள் ஒரு பகுதி கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. அழுத்தினால் வாயு சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஆதலால் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது அறியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். இன்ஜின் தப்பினாலும் வயரிங் தப்புவதில்லை. இணைப்புகளுக்குள் புகுந்த சேறு, பச்சை பூத்து, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விளக்கை அணைக்கும். இத்தகைய வண்டியை அறிய, சீட் பெல்ட்டை அதன் கடைசி முனைவரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர் நின்ற கோடு, கார்ப்பெட்டைத் தூக்கினால் வரும் பூஞ்சை நாற்றம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பிவிடக் கூடாது. மீட்டரைத் திருப்புவது இத்தொழிலில் பழைய வித்தை. மீட்டர் நாற்பதாயிரம் என்று சொல்லும்போது கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங்கின் மேல்தோல் மினுமினுத்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருந்தால் பெடலைத்தான் நம்ப வேண்டும். டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரத்திலிருந்து "டக் டக்" என்று ஓசை வந்தால் ஆக்ஸில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. மேட்டில் நாலாவது கியரில் மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமற்போனால் கிளட்ச் பிளேட் ஆயுள் முடிந்துவிட்டது. இவை இரண்டும் சரிசெய்யக் கூடியவையே. ஆகவே வாங்காமல் விடுவதற்கல்ல, விலையைக் குறைப்பதற்கே அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காகிதங்களைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் குறித்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35-ஆம் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். புதுச்சேரியிலிருந்தோ டில்லியிலிருந்தோ வரும் வண்டி மலிவாகத் தோன்றினாலும், அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுட்கால வரியும் சேர்ந்தபின்தான் அதன் உண்மையான விலை. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷங்களுக்கே செல்லும். அதன்பின் பரிசோதனைக்குக் கொண்டுபோய், பசுமை வரியும் செலுத்தி, ஐந்து வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், 14 வயதான வண்டியை வாங்குகிறவர் இச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விற்பவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாற்றப்படாத வண்டி விபத்து செய்தால், பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனிமேல்தான் சொந்தக் கைக்கு வேலை. கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு, முறையான பொறியியற் படிப்பு ஏதுமின்றி, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டியே யந்திர ஞானம் பெற்றார் என்பதும், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார் என்பதும் கொங்கு நாட்டில் எல்லோரும் அறிந்த வரலாறு. நாம் எல்லோரும் நாயுடுவாக வேண்டியதில்லை. ஆனால் ஆயிலின் அளவைக் கம்பியை உருவிப் பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, வைப்பர் ரப்பர், ஃபியூஸ், பல்பு ஆகியவற்றை மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து இடைவெளி பார்த்துப் பூட்டுவது, ஸ்டெப்னி மாற்றுவது ஆகிய இவற்றையெல்லாம் எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு நம்பர் ஸ்பானர்களும், ஒரு பிளக் ஸ்பானரும், ஸ்க்ரூ டிரைவரும், கட்டிங் பிளையரும், ஒரு சாதாரண மல்டிமீட்டரும் வைத்திருக்கும் எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கற்றுக்கொள்ளலாம். பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பூவுக்கு ஆப்ப சோடா கலந்த வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். வண்டி நிற்கும்போது பேட்டரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது பதினாலுக்கு ஒட்டியும் மல்டிமீட்டர் காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் க்ஷேமமாக இருக்கின்றன. ஓடும்போதும் பன்னிரண்டிலேயே நின்றால், புது பேட்டரி வாங்கி என்ன பயன்? குறை ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ அல்லவா இருக்கிறது?

இவை எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பு. நம் வெயிலில் பழைய வண்டிகளைக் கொல்வது பெரும்பாலும் அதன் அலட்சியமே. ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே ஓடும் ரப்பர் ஹோஸ் சில நூறு ரூபாய்ப் பொருள். அது வெடித்து முதலில் துளித் துளியாகக் கசிகிறது. குறைந்த இடத்தில் சொந்தக்காரர் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே துருவையும் சுண்ணாம்புப் படிவையும் உண்டாக்கி ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைக்கிறது. ஒருநாள் திருச்சி நெடுஞ்சாலையில் நடுப்பகலில் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொடும்போது, ஊர் இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று அவர் ஓட்டிவிடுகிறார். அந்தப் பத்து கிலோமீட்டரில் அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைகிறது, காஸ்கெட் போகிறது, சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம் பல்லாயிரத்தில் போய் நிற்கிறது. வாரம் ஒருமுறை, இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் மட்டம் பாருங்கள். ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். விறைத்து வெடிப்போடியிருந்தாலும், கூழாக நெகிழ்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தின் காரணமாக 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிற்றே, நமக்கென்ன புரியும் என்று ஒதுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே உண்டாகிறது. 2013-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்கின் அடியில் ஓ.பி.டி. என்னும் சொருகுமுனை கட்டாயம் இருக்கும். அதில் ஒரு சிறு கருவியைச் சொருகினால், குறையின் குறியீட்டைக் கைப்பேசியிலேயே படிக்கலாம். உதாரணமாக, வண்டி குலுங்கி ஓடும்போது பி-0302 என்று வந்தால், இரண்டாவது சிலிண்டரில் எரிதல் சரியாக நிகழவில்லை என்று பொருள். ஆனால் குறியீடு இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள வண்டியானால், இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் பூட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது குறியீடு பி-0303 ஆக மாறினால் குற்றவாளி அந்தக் காயிலே. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரு பைசா செலவில்லாத இந்தப் பரீட்சையைச் செய்யாமல், எல்லாக் காயில்களையும் புதிதாக வாங்கி மாட்டிப் பணம் இழந்தவர்கள் எத்தனை பேர்!

உதிரிபாகம் வாங்குவதும் ஒரு கலைதான். கார் நிறுவனத்தின் முத்திரையோடு வரும் பெட்டி ஒன்று. அதே நிறுவனத்துக்குப் பாகம் செய்துகொடுக்கும் தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரில் விற்கும் பெட்டி மற்றொன்று. சென்னைப் பாடியில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் நாட்டின் பல கார்களுக்குப் பாகம் அளித்து வருபவை. இத்தகையோர் சொந்தப் பெயரில் விற்கும் சரக்கு தரத்தில் குறையாமல் விலையில் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். மூன்றாவது பெட்டி போலி. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிய பாகங்களும், எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் விற்பதை அறியாத மெக்கானிக் இல்லை. புதுப்பேட்டையில் கதவுகள் ஒரு கடையின் சுவரெங்கும் அடுக்கியிருக்க, அடுத்த கடையில் ஹெட்லைட்டுகள் உத்தரத்திலிருந்து தொங்க, ஆயில் படிந்த தரையில் கியர் பாக்ஸ்கள் வரிசையாகக் கிடக்கும் குறுகிய சந்துக்குள் நுழைந்தவுடன், "என்ன வண்டி சார்? எந்த வருஷ மாடல்? பழைய பீஸ் கொண்டாந்திருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வி மிகவும் நியாயமானது. ஒரே பெயருள்ள வண்டியில்கூட வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும். கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டுபோய் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே சிலாக்கியம். பில் கேளுங்கள், பில் தர மறுக்கும் கடையில் திருட்டுச் சரக்குக்குத் துணைபோகாதீர்கள். பழைய இன்ஜினையே வாங்கி மாற்றுவதானால் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்.

கதவு, பம்பர், கண்ணாடி, இருக்கை, விளக்கு, கண்ணாடி ஏற்றும் மோட்டார் முதலியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. அது சிக்கனம் மட்டுமன்று, இரும்பை வீணாக்காத நற்செயலும் ஆகும். பிரேக் பேடு, பிரேக் ஹோஸ், டயர், டைமிங் பெல்ட், ஸ்டியரிங்கைச் சேர்ந்த பாகங்கள், சீட் பெல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. டைமிங் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்; பழைய வண்டி வாங்கியவர், முந்தையவர் மாற்றினார் என்பதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். ஓடும்போது அது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடும்.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் அறிவின் ஒரு பகுதியே. ஏர்பேக், ஏ.சி. வாயு, டீசல் இன்ஜெக்டர், கியர் பாக்ஸின் உட்புறம் ஆகியவை வீட்டு முற்றத்து வேலைகள் அல்ல. பிரேக்கைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதல் இரண்டு மூன்று தடவை நல்ல மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யட்டும். அவருக்குரிய கூலியையும் மனமுவந்து கொடுக்கட்டும், ஏனெனில் அவர் கற்பிப்பது ஒரு நாள் வேலையைவிடப் பெரிது.

இறுதியாக வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். மிகச் சிறிய காரும் 600 கிலோவுக்குக் குறையாது; டிக்கியிலிருக்கும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது, மண் தரையில் எந்தக் கணமும் சாயக் கூடியது. சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தூக்கிய இடத்தில் உறுதியான இரும்பு ஸ்டாண்டை நிறுத்துங்கள். அந்த ஸ்டாண்டு உங்களிடம் இல்லாத நாளில், எவ்வளவு சிறிய வேலையானாலும், வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.